செபியாவில் தொலைந்த சேலை மடிப்பு

பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படத்தை ஃபைபர் தாளில் (பிளாஸ்டிக் பூச்சில்லாத புகைப்படத் தாள்) பிரிண்ட் போட்டு, பழுப்பு நிறமாக்கும் செபியா டோனிங் செய்தேன். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்த பிளீச்சில் படம் வெளிறும். அப்புறம் சோடியம் சல்ஃபைடில் போட்டால் பழுப்பாகத் திரும்பி வரும். எனக்கு முகமும் முடியும்தான் திரும்பின. வெள்ளைச் சேலையின் மடிப்புகள் போயே போய்விட்டன.

சல்ஃபைடு பழசு என்று நினைத்துப் புதிதாகக் கரைத்தேன். அழுகிய முட்டை நாற்றத்துக்கு வீட்டில் திட்டு வாங்கியதுதான் மிச்சம். தவறு, கழுவியதில் இருந்தது. தாளுக்குள் தங்கிய ஹைப்போ (படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சரில் உள்ள உப்பு) ஃபெர்ரிசயனைடுடன் சேர்ந்தால் வெள்ளியையே கரைத்துவிடும். கறுத்துப்போன பிரிண்டை வெளுக்க வேண்டுமென்றே கலக்கும் ஃபார்மர் ரெட்யூசர் இதே சேர்க்கைதான்! மெல்லிய சாயல்கள்தான் முதலில் போகும்.

அடுத்த பிரிண்டை ஃபிக்சருக்குப் பின் அலசி, ஹைப்போ எளிதில் வெளியேற 2 சதவீத சோடியம் சல்ஃபைட் கரைசலில் 10 நிமிடம் வைத்தேன். (சல்ஃபைட் வேறு, சல்ஃபைடு வேறு, புட்டியில் பெரிதாக எழுதி வையுங்கள்.) பிறகு ஒரு மணி நேரம் ஓடும் தண்ணீர். பிளீச்சுக்குப் பிறகும் மஞ்சள் முழுதாகப் போகும்வரை அலசினேன். மடிப்பு ஒவ்வொன்றும் வந்தது. சல்ஃபைடு வேலை மட்டும் இப்போது மொட்டைமாடியில்.