கடலூர், புதுச்சேரியில் துப்பாக்கி உரிமம்: காரணம் காட்டுவது முதல் வாரிசுக்கு மாற்றுவது வரை

எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன், எதற்காக என்பதை முடிவு செய்யுங்கள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் காரணத்தை வைத்துத்தான் கோடு போடுகிறது. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ என்றால், உள்ளே புரி வெட்டாத, 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட துப்பாக்கி. நம் பக்கம் 12 போர் என்று சொல்வது இதைத்தான். பயிர்க் காவலுக்கு என்றால், குழல் வாய் வழியே கரிமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியே போதும் என்று உரிமம் தரும் அதிகாரி முடிவெடுக்கலாம். ரைபிள் கிளப் உறுப்பினருக்குப் பயிற்சிக்காக .22 ரைபிள். இந்தத் தேவைகள் உண்மை என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் உரிமம் தர வேண்டும் என்கிறது 13-ஆம் பிரிவு. ரிவால்வரும் பிஸ்டலும் இந்த வரிசையில் இல்லை. அவற்றுக்குத் தக்க காரணத்தைத் தனியாக நிறுவ வேண்டும்.

விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை சுட்டுக்கொண்டே இருக்கும் துப்பாக்கி பொதுமக்களுக்கு முற்றிலும் தடை. ஒன்றிய அரசின் தனி அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டு வரை சிறை. சாதாரணத் துப்பாக்கியை உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலும் 2 முதல் 5 ஆண்டு. 2019 திருத்தத்துக்கு முன் ஒருவர் 3 துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். இப்போது 2 மட்டுமே. இந்தக் குறைப்பு சரியானது. காவலுக்கு வேண்டியவருக்கு ஒன்றே போதும். மூன்றாவது துப்பாக்கி பெரும்பாலும் அந்தஸ்துக்காக அலமாரியில் இருப்பது.

உரிமம் வேண்டாதவையும் உண்டு. 4.5 மி.மீ. குழல் அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் கன்னுக்கு உரிமம் தேவையில்லை. கடைக்காரர் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வாங்கிக்கொள்வார். இரண்டில் ஒன்று கூடினாலும் உரிமம் வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஜூல் அளவைப் பார்த்து, அதைப் பில்லிலும் எழுதி வாங்குங்கள். வாள், குத்துவாள், ஈட்டி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி எல்லாம் ஆயுதப் பட்டியலில் வருபவை. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் வடிவமைத்தவை வராது. கரும்பு வெட்டும் கத்தி கருவிதான். சண்டைக்கென்றே அடித்த வீச்சரிவாளுக்கு அந்த விலக்கு கிடையாது.

விண்ணப்பம்

21 வயது முடிந்திருக்க வேண்டும். வன்முறைக் குற்றத்துக்கோ ஒழுக்கக்கேடான குற்றத்துக்கோ சிறைத் தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து 5 ஆண்டு கடக்கும் வரை ஆயுதம் வைத்திருக்க முடியாது. நன்னடத்தைப் பிணையில் இருப்பவரும் அந்தக் காலம் முடியும் வரை காத்திருக்க வேண்டும்.

கடலூர் மாவட்டத்தில் உரிமம் தருபவர் மாவட்ட நிர்வாக நடுவர் என்ற முறையில் ஆட்சியர். புதுச்சேரியிலும் மாவட்ட நிர்வாகத்திடம்தான் மனு போக வேண்டும். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி படிவம் ஏ-1. அதோடு அடையாள, முகவரி, வயதுச் சான்றுகள், புகைப்படங்கள், உடல்நலமும் மனநலமும் குறித்த மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பத்திரமாக வைத்துக்கொள்வதற்கான உறுதிமொழி ஆகியவை வேண்டும். துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்றும் கேட்கப்படும். அதைச் சடங்காக நினைக்காமல் உண்மையாகவே கற்றுக்கொள்ளுங்கள். பயிர்க் காவலுக்கு நிலம் இருக்கும் இடம், பரப்பு, பயிர் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல் நகல்களை வைத்துவிடுங்கள்.

மனுவின் உயிர் காவல் நிலைய அறிக்கையில் இருக்கிறது. விதிப்படி அது 30 நாளில் வர வேண்டும். வந்தபின் 60 நாளில் அதிகாரி முடிவெடுக்க வேண்டும். ‘விசாரித்ததில் மனுதாரருக்கு அச்சுறுத்தல் ஏதுமில்லை’ என்ற ஒரு வரியில் பெரும்பாலான மனுக்கள் அடிபடுகின்றன. உயிருக்கு ஆபத்து என்று வாயால் சொன்னால் அந்த வரிதான் வரும். முன்பு கொடுத்த புகாரின் சி.எஸ்.ஆர். ரசீது, எப்.ஐ.ஆர். நகல், பணமோ நகையோ கொண்டுபோகும் தொழில் என்றால் வங்கிக் கணக்கு விவரம், தோட்டம் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்பது போன்றவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, விசாரிக்க வருபவர் கையில் ஒரு பிரதி கொடுங்கள். ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் தந்தை பெயரோ முதலெழுத்தோ மாறியிருந்தால் மனு போடுவதற்கு முன்பே திருத்திவிடுங்கள்.

பழைய வழக்கை மறைக்காதீர்கள். விடுதலையானது என்றாலும் எழுதி, தீர்ப்பு நகலை வையுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால், அந்தக் காரணத்துக்காகவே உரிமத்தை ரத்து செய்ய 17-ஆம் பிரிவு இடம் தருகிறது. சொத்தை அடுக்கிக் காட்டுவதில் பலன் இல்லை. போதிய சொத்து இல்லை என்பதற்காக மட்டும் உரிமத்தை மறுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஏழைக் குடியானவனுக்கும் பங்களாக்காரருக்கும் ஒரே அளவுகோல் வைத்த இந்த வரி, இந்தச் சட்டத்தின் நல்ல வரிகளில் ஒன்று.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பொது நலன் கருதிச் சொல்ல இயலாத நேரம் தவிர, அதிகாரி அதைத் தந்தாக வேண்டும். மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் அவகாசம். ஆணை கையில் கிடைத்த தேதியை உறையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

ஊசுட்டேரிப் பக்கத்துக்காரர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பறவைகள் சரணாலயமான அந்த ஏரி புதுச்சேரிக்கும் விழுப்புரம் மாவட்டத்துக்கும் பொதுவானது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, சரணாலயத்தைச் சுற்றி 10 கி.மீ.க்குள் புதிய ஆயுத உரிமம் தர, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். வில்லியனூர் சுற்றுவட்டாரம் இதற்குள் வரும். மனுவிலேயே இதைச் சுட்டிக்காட்டினால், கோப்பு பாதியில் நிற்கும் காலம் மிச்சமாகும்.

எல்லை

உரிமத்தில் அது செல்லுபடியாகும் பரப்பு எழுதியிருக்கும். நம் வட்டாரத்தில் அதிகம் பேர் பிசகுவது இதில்தான். புதுச்சேரி ஒரே நிலமாக இல்லை. பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு கொம்யூன் பஞ்சாயத்துகளின் சாலைகள் இடையிடையே தமிழகத்துக்குள் புகுந்து வரும். முள்ளோடையைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குப் போவதென்றால் ஒரே ஆட்சிப் பகுதிக்குள் பயணம் போலத் தோன்றும்; வழி முழுக்கக் கடலூரும் சிதம்பரமும் சீர்காழியும். பரப்பு ‘புதுச்சேரி’ என்று மட்டும் இருந்தால், அந்தப் பயணத்தில் துப்பாக்கி வண்டியில் இருக்கவே கூடாது. உரிம நிபந்தனையை மீறினால் 30-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இரு பக்கமும் நிலமோ கடையோ இருந்தால், எல்லை நீட்டிப்பை முதல் மனுவிலேயே காரணத்தோடு கேளுங்கள். குடி மாறினால் 30 நாளுக்குள் பழைய அலுவலகத்துக்கும் புதிய அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள்ளும், நீளத் துப்பாக்கி வாரிலோ பைக்குள்ளோ இருக்க வேண்டும். கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தைப் பார்த்துச் சுடுவது 2019 முதல் தனிக் குற்றம்: 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மேலே போன குண்டு யார் தலையிலாவது இறங்கத்தான் செய்யும்.

கடற்காற்றும் குழலும்

கடலோரத்தில் துப்பாக்கியின் முதல் எதிரி உப்பு. தோல் உறையிலோ பஞ்சு வைத்த பெட்டியிலோ நெடுநாள் வைத்தால் ஈரம் தேங்கித் துரு ஏறும். எண்ணெய் தடவி, சுவரோடு போல்ட் போட்ட இரும்பு அலமாரியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வையுங்கள். கை பட்ட இடத்தைத் துடைக்காமல் வைத்தால் விரல் ரேகை வடிவிலேயே துரு பூக்கும். தோட்டா வேறு பூட்டில், சாவி வேறு இடத்தில்.

எடுக்கும்போதெல்லாம் குழலை மடக்கித் திறந்து, தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். குளவி மண் வைத்து அடைத்திருக்கும். அந்த அடைப்போடு சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாவை 12 போர்த் தோட்டாவோடு ஒரே பெட்டியில் கலக்கவே கூடாது. எண் பெரிதானாலும் உருவில் சிறியதான 20 போர் தோட்டா, 12 போர்க் குழலுக்குள் வழுக்கிப் போய் உள்ளே மாட்டிக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும். அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால் கை போய்விடும். தாத்தா காலத்துத் துப்பாக்கிகளில் அறை நீளம் 65 மி.மீ. இருக்கும். கடையில் கிடைக்கும் 70 மி.மீ. தோட்டா அதில் நுழையும். ஆனால் சுட்டதும் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலின் அடியில் உள்ள முத்திரையை உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் படிக்கச் சொல்லிவிட்டுத் தோட்டா வாங்குங்கள்.

எப்போது சுடலாம்

வேப்பூர், திட்டக்குடி பக்கம் மக்காச்சோளத்தில் பன்றி இறங்குகிறது என்பதற்காகப் பயிர்க் காவல் உரிமம் வேட்டை அனுமதி ஆகிவிடாது. காட்டுப்பன்றியும் மயிலும் வனவிலங்குச் சட்டப் பட்டியலில் உள்ளவை. கொல்வதற்கு வனத்துறையின் எழுத்து அனுமதி தனியாக வேண்டும். வெறும் சத்தத்துக்குச் சுடுவதானாலும், வரப்புக்கு அப்பால் கூரையோ ஆளோ இல்லாத திசையை முன்பே குறித்து வையுங்கள்.

மனிதனை நோக்கி என்றால் கோடு இன்னும் கடுமையானது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. கொள்ளை, இரவில் வீடு புகுதல், வீட்டுக்குத் தீ வைத்தல், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச வைக்கும் திருட்டு போன்றவற்றில்தான் உயிர் போகும் அளவு எதிர்ப்பு வரம்புக்குள் வரும். பண்ருட்டித் தோப்பில் முந்திரிக் கொட்டை பொறுக்கி ஓடுபவன் முதுகில் சுட்டால், உரிமம் இருந்தாலும் கொலை வழக்குத்தான். உரிமம் வாங்கும் ஒவ்வொருவரும் இந்தப் பிரிவுகளைத் தமிழில் ஒருமுறை முழுதாகப் படித்துவிட வேண்டும்.

புதுப்பித்தல், தேர்தல், வாரிசு

உரிமம் 5 ஆண்டுக்கு. முடியும் தேதிக்கு 60 நாள் முன்பே புதுப்பிக்கும் மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். உரிமத்தில் தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் இல்லாத பழைய புத்தகம் செல்லாது. தேர்தல் அறிவித்ததும் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தால், காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ கொடுத்து, துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை, குழலிலும் கட்டையிலும் உள்ள கீறல் வரை ரசீதில் எழுதி வாங்குங்கள். முடிவு வந்தபின் திரும்ப வாங்க அந்த ரசீதுதான் கைகொடுக்கும்.

உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், வீட்டில் இருக்கும் துப்பாக்கிக்கு உரிமம் இல்லை என்று பொருள். கருமாதி முடியட்டும் என்று அலமாரியில் விட்டுவைக்காமல், தாமதமின்றி ஒப்படைத்துவிடுங்கள். 21-ஆம் பிரிவு கேட்பதும் அதுதான். பிறகு வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், இறப்புச் சான்று ஆகியவற்றோடு ஒருவர் தன் பெயருக்கு மனு செய்யலாம். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கி அவர் கையில் 25 ஆண்டு இருந்தாலோ, இரண்டில் எது முந்துகிறதோ அப்போதே அவர் உயிரோடு இருக்கையில் வாரிசுக்கு மாற்ற விதி இருக்கிறது. வீட்டில் யாருக்கும் வேண்டாம் என்றால், உரிமம் பெற்ற கடைக்கு விற்று, அந்த ரசீதையும் உரிமப் புத்தகத்தையும் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்துப் பதிவை நீக்கச் சொல்லுங்கள்.