சவரக் கத்திக்கு முதல் சாணைக்கல்: எதை வாங்குவது, எதை விடுவது

மடக்குச் சவரக் கத்தி வாங்கிய கையோடு பலரும் தேடுவது 12000 கிரிட் கல்லை (கிரிட் எண் கூடக் கூடக் கல் நைசாகும்). முகத்தில் படுகிற கத்தி, கல்லும் மிக நைசாக இருக்க வேண்டும் என்ற கணக்கு. அதில் பாதிதான் சரி. 12000 கல் ஏற்கெனவே கூராக இருக்கிற வாயை மெருகேற்றும், அவ்வளவுதான். இல்லாத கூரை வரவழைப்பது 1000 கல். உங்களுக்கு எந்தக் கல் வேண்டும் என்பதைக் கத்தியின் இன்றைய நிலைதான் முடிவு செய்யும்.

சலூன்களில் பார்க்கிற, பாதி பிளேடு செருகும் கத்திக்கு இது எதுவும் வேண்டாம். பிளேடை மாற்றினால் தீர்ந்தது.

படி 1: கத்தியைப் பாருங்கள்

வாய் மேலே இருக்கும்படி கத்தியை விளக்கடியில் பிடித்து, நேர் மேலிருந்து பாருங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது; கண்ணுக்கே தெரியாது. எங்காவது வெள்ளைக் கோடாகவோ புள்ளியாகவோ மின்னினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது, அல்லது பொரிந்திருக்கிறது, அதாவது சில்லு பெயர்ந்திருக்கிறது. பிறகு கத்தியை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் படுக்கவைத்து, முனையையும் பிடிப்பக்கத்தையும் மாறி மாறி விரலால் தட்டுங்கள். ஆடினால் கத்தி முறுக்கியிருக்கிறது. மலிவு விலைக் கத்திகளில் இது சகஜம்.

நேற்றுவரை நன்றாக மழித்த கத்தி இப்போது முடியை இழுக்கிறது என்றால் 8000 அல்லது 12000 ஒன்றே போதும். பழைய சாமான் கடையில் கிடைத்த கத்தி, தீட்டாமல் வந்த புதுக் கத்தி என்றால் 1000-இலிருந்து தொடங்க வேண்டும். வெறுங்கண்ணுக்கே பொரிவு தெரிந்தாலோ, கத்தி முறுக்கியிருந்தாலோ, அதில் பழகத் தொடங்காதீர்கள். வேறு கத்தி தேடுவது மேல். சாணைச் சக்கரத்தில் கொடுக்கும் யோசனையும் வேண்டாம்: சவரக் கத்தியின் வாய் அவ்வளவு மெல்லியது, சக்கரத்தின் சூட்டில் எஃகின் பதம் நொடியில் போய்விடும்.

படி 2: கற்களின் வரிசை

ஜப்பானியத் தர அளவில் 1000 கிரிட் கல்லின் துகள் சராசரியாக 11.5 மைக்ரான். 4000-இல் 3 மைக்ரான், 8000-இல் 1.2 மைக்ரான். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரே வேலைதான்: முந்தைய கல் போட்ட கீறலை அழித்துத் தன் கீறலைப் போடுவது. 1000-இலிருந்து நேரே 12000-க்குத் தாவினால் ஆழமான கீறல்கள் அடியில் அப்படியே கிடக்கும், மேலே மட்டும் கண்ணாடிபோல மின்னும். பார்க்க அழகாக இருக்கும், முகத்தில் ரம்பமாக இழுக்கும்.

தொடக்கத்துக்கு எங்கள் தேர்வு ஒரு 1000 கல்லும், ஒரு 4000/8000 இரட்டைக் கல்லும். 1000-க்கு ஜப்பானியக் கற்களான கிங், ஷாப்டன் குரோமாகு, நானிவா எதுவானாலும் சரி. இரட்டைக் கல்லில் நார்டன் 4000/8000 பல ஆண்டுகளாகச் சவரக் கத்திக்காரர்கள் பழகிய கல். 8000-இலேயே சவரம் செய்யலாம். இன்னும் மென்மை வேண்டுமென்றால் பிறகு நானிவா சூப்பர் ஸ்டோன் 12000 சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் காசில்லை என்றால் 0.5 மைக்ரான் குரோமியம் ஆக்சைடு, அதாவது பச்சைப் பசை, தடவிய தோல் பட்டையில் பத்து இழுப்பு.

பலர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கிங் 1000/6000 கல்லின் 1000 பக்கம் தாராளமாக உதவும். 6000 பக்கத்தோடு நிறுத்தினால் தோல் எரியும். அதற்கு மேல் ஒரு கல் தேவை.

பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் வெட்டியெடுக்கும் கோட்டிக்யூல், கியோட்டோ மலைக் கற்கள், ஆர்கன்சா கல் எல்லாம் அருமையானவை. ஆனால் இயற்கைக் கல் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். கூர் வராதபோது தவறு கல்லிலா, கையிலா என்று புதியவருக்குப் பிடிபடாது. முதல் கல்லாக வாங்காதீர்கள்.

படி 3: அகலமும் தண்ணீரும்

சவரக் கத்தியின் வாய் சுமார் 70 முதல் 75 மி.மீ. நீளம். கல்லின் அகலம் 70 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் வேலை எளிது. குரோமாகு 210 × 70 × 15 மி.மீ. வருகிறது, நார்டன் 76 மி.மீ. அகலம். குறுகிய கல்லிலும் தீட்டலாம், முறுக்கிய கத்திக்கு அதுதான் நல்லதும்கூட. ஆனால் கை பழகியிருக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் எல்லாக் கல்லும் ஒன்றல்ல. கிங், நார்டன் போன்றவற்றைக் குமிழி நிற்கும்வரை, சுமார் 10 நிமிடம், ஊறவைக்க வேண்டும். நானிவா சூப்பர் ஸ்டோன், குரோமாகு இரண்டுக்கும் மேலே தெளித்தால் போதும்; மணிக்கணக்கில் ஊறவைத்தால் கல் இளகிக் கெடும்.

படி 4: கல்லைச் சமன் செய்தல்

இதை விட்டால் மற்றதெல்லாம் வீண். பெட்டியிலிருந்து வரும் புதுக் கல்கூடச் சமமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். கத்தியின் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படுவதால்தான் கோணம் தானாக அமைகிறது. கல் நடுவில் குழிந்திருந்தால் வாய் முழுவதும் ஒரேபோல் படாது.

கல்லின் மேல் பென்சிலால் கட்டம் போடுங்கள். கண்ணாடி அல்லது கிரானைட் துண்டின் மேல் 220 அல்லது 320 எண் நீர்மணல்தாளை ஒட்டி, தண்ணீர் விட்டு, கட்டம் முழுக்க அழியும்வரை கல்லைத் தேயுங்கள். நடுவில் மட்டும் கோடு மிஞ்சினால் அங்கே குழி இருக்கிறது, விடாமல் தேயுங்கள். அடிக்கடி செய்வதானால் அட்டோமா போன்ற வைரத் தகடு வசதி. முடித்ததும் கல்லின் நான்கு ஓரங்களையும் லேசாக மழுக்கி விடுங்கள். கூரான ஓரம் கத்தியைப் பொரித்துவிடும். கழுவுவதிலும் கஞ்சத்தனம் கூடாது. 8000 கல்லில் ஒட்டிய ஒரே ஒரு மணல் துகள் வாயைக் குத்திவிடும்.

படி 5: தீட்டிப் பார்த்தல்

முதுகு நெடுக ஒரு அடுக்கு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் முதுகு தேயாது. ஒட்டினால் கடைசிக் கல்வரை ஒட்டியே இருக்க வேண்டும். நடுவில் கழற்றினால் கோணம் மாறிவிடும். டேப் தேய்ந்தால் புதிது ஒட்டுங்கள்.

வாயோரப் பட்டையில், அதாவது பெவலில், மார்க்கர் மை பூசுங்கள். 1000 கல்லில் கத்தியைப் படுக்கவைத்து, வாய் முன்னால் போக, பிடிப்பக்கத்தில் தொடங்கி முனையில் முடியும்படி குறுக்காகத் தள்ளுங்கள். திருப்பும்போது முதுகு கல்லை விட்டு எழக் கூடாது, வாய் கல்லில் உரசவும் கூடாது. மை எங்கே மிஞ்சுகிறதோ அங்கே கல் படவில்லை. அங்கே அழுத்தி ஈடுகட்டாதீர்கள். மெல்லிய கத்தி வளைந்து, வாய் கல்லை விட்டு விலகும்.

1000-க்கு எண்ணிக்கை கிடையாது. இரு பக்கப் பட்டையும் வாய் நெடுக ஒன்றையொன்று சந்திக்கும்வரை. அது நடந்ததற்கு அடையாளம் கல்லிலேயே தெரியும்: கத்திக்கு முன்னால் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்த தண்ணீர், முனை முதல் பிடிப்பக்கம் வரை ஒரே சீராகக் கத்தியின் மேல் ஏறும். கை முடியைத் தோலோடு ஒட்டி மழித்துப் பாருங்கள். வாயின் எல்லாப் பகுதியும் மழிக்க வேண்டும். ஒரு இடம் மழிக்காவிட்டாலும் 4000-க்குப் போகாதீர்கள். "என் 8000 கல் சரியில்லை" என்ற புகார்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில் அவசரப்பட்டதன் விளைவு.

பிறகு 4000-இல் 20 முதல் 30 சுற்று (இரு பக்கமும் ஒரு முறை போய்வருவது ஒரு சுற்று), 8000-இல் அதே அளவு, 12000 இருந்தால் 10 முதல் 15. ஒவ்வொரு கல்லிலும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கத்தியின் சொந்த எடை மட்டும் போதும். கல் மாறும்போதெல்லாம் கத்தியையும் கையையும் கழுவுங்கள். 30 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்க்கும்போது முந்தைய கல்லின் கீறல் வாயைத் தொட்டுக்கொண்டிருந்தால் இன்னும் ஐந்து சுற்று.

12000-இல் ஆசையாக நூறு சுற்று போடுவது வீண் வேலை: வாய் மிக மெலிந்து, முதல் சவரத்திலேயே உதிரும். அப்படி ஆகிவிட்டால் 8000-க்குத் திரும்பி மறுபடி மேலே வாருங்கள்.

கடைசியாகத் தோல் பட்டையில் 50 சுற்று. இங்கே திசை தலைகீழ்: முதுகு முன்னால், வாய் பின்னால். மறந்து வாயை முன்னால் தள்ளினால் பட்டை கிழியும். கற்களைக் கழுவி நிழலில், பக்கவாட்டில் நிறுத்தி உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் விரிசல் விடும்.