ஆல்ப்ஸ் வழிகாட்டிகளின் குடும்பத்தைத் தேடும்போது சறுக்கும் இடங்கள்

சுவிட்சர்லாந்தின் கிரிண்டல்வால்டைச் சேர்ந்த மலை வழிகாட்டி உல்ரிச் காஃப்மன் 1854-இல் கிறிஸ்டியன் ஆல்மரோடு வெட்டர்ஹார்ன் உச்சியில் நின்றார். 1882-இல் நியூசிலாந்தின் குக் மலையில் உச்சிக்குக் கொஞ்சம் கீழே வரை போனார். அடுத்த வருடம் சிக்கிமுக்கு வந்து கப்ரு மலையில் ஏறினார். இப்படி ஒரு வாழ்க்கைக் குறிப்பை எழுதிவிடுவது சுலபம். ஒரே ஒரு விஷயம்தான் இடிக்கிறது. நியூசிலாந்து போன காஃப்மன் பிறந்தது 1840-இல். வெட்டர்ஹார்னில் ஏறியவர் அவராக இருந்தால் அப்போது பதினான்கு வயதுப் பையன். இருவரும் வேறு வேறு ஆட்கள்.

இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த வகைதான். ஆள் யாரென்று தெரிவதற்கு முன்பே பெயர்களை ஒட்டிவிடுகிறார்கள். ஒரு பள்ளத்தாக்கில் நாலைந்து குடும்பப் பெயர்கள்தான், அப்பா பெயரையே மகனுக்கும் வைப்பார்கள். சுவிஸ் கிராமமான செர்மாட்டில் அப்பாவும் பீட்டர் டவுக்வால்டர், மகனும் பீட்டர் டவுக்வால்டர். இன்றைய பிரான்சிலுள்ள சாமோனியில் பால்மாக்களுக்குக் குறைவே இல்லை: 1786-இல் மோன் பிளாங்கில் ஏறிய ஷாக், 1820-இல் அதே மலையில் பனிச்சரிவில் இறந்த பியேர், 1854-இல் வெட்டர்ஹார்னுக்கு வந்த ஓகுஸ்ட். இவர்களை உடனே கோடு போட்டு இணைக்காதீர்கள். தகப்பன் பெயர், குக்கிராமம், வயது மூன்றும் பொருந்தும் வரை ஒவ்வொரு குறிப்பையும் தனி ஆளாகவே வைத்திருங்கள். 1865-இல் மோன் பிளாங்கின் பிரென்வா முகட்டில் சேர்ந்து ஏறிய மெல்கியோர் ஆண்டெரெக்கையும் யாகோப் ஆண்டெரெக்கையும் அண்ணன் தம்பி என்று நினைத்துவிட வாய்ப்புண்டு. அவர்கள் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

அந்தப் பொருத்தத்தைப் பார்க்கும் இடம் தேவாலயப் பதிவேடு. சுவிட்சர்லாந்து முழுமைக்குமான அரசுப் பதிவு 1876-இல்தான் தொடங்கியது; அதற்கு முன் பெரும்பாலும் பாதிரியார் கையில். பெர்ன் மாநிலத்துப் பதிவேடுகளை ஆவணக் காப்பகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்கக் கொஞ்சம் பழக வேண்டும், அவ்வளவுதான். செர்மாட் இருக்கும் வாலே மாநிலத்தில் கத்தோலிக்கப் பதிவுகள் லத்தீனில் இருக்கும்; பீட்டர் அங்கே பெட்ருஸ். ஞானஸ்நானப் பதிவில் குழந்தையின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல் ஞானப் பெற்றோர் யார் என்றும் பாருங்கள். இரண்டு பீட்டர்களைப் பிரிக்க பெரும்பாலும் அந்த வரிதான் உதவும்.

சுவிஸ் ஆவணங்களில் ‘சொந்த ஊர்’ என்று போட்டிருப்பது பிறந்த ஊர் அல்ல, குடும்பத்தின் குடியுரிமை ஊர். இதை மறந்தால் தப்பான கிராமத்தில் மாதக்கணக்கில் தேடுவீர்கள். சாமோனியில் சிக்கல் வேறு மாதிரி. 1860 வரை அது சார்டீனிய அரசின் கீழ் இருந்தது, அதன் பிறகுதான் பிரான்சோடு சேர்ந்தது. 1865-இல் மாட்டர்ஹார்ன் மலையில் இறந்த வழிகாட்டி மிஷேல் க்ரோ 1830-இல் லெ தூர் கிராமத்தில் பிறந்தபோது சார்டீனியக் குடிமகன், இறந்தபோது பிரெஞ்சுக்காரர்.

சரி, மலையேற்றங்களுக்கு வருவோம். இவற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் கூலி கொடுத்த வெளியூர்க் கனவான்கள்தான். வழிகாட்டியின் வாழ்க்கையில் அவர்கள் பார்த்தது சில வாரங்களை மட்டும். ஆங்கிலேயர் ஆல்ஃபிரட் வில்ஸ் 1854 வெட்டர்ஹார்ன் ஏற்றத்தைப் பற்றி எழுதியதைப் படித்துப் பாருங்கள். அவருடைய ஆட்கள் இரும்புக் கொடியோடு ஏறிக்கொண்டிருக்கும்போது வேறு பாதையில் இரண்டு பேர் முந்தப் பார்க்கிறார்கள். அதில் ஒருவர் முதுகில், உச்சியில் நடுவதற்கு ஒரு இளம் ஃபிர் மரம்! வெளியூர் ஆட்களுக்கு மட்டும் பெருமை போகக் கூடாது என்று கிளம்பி வந்த ஆல்மரும் காஃப்மனும்தான் அவர்கள். முதலில் கத்தல், அப்புறம் சமாதானம். ஓகுஸ்ட் பால்மா அவர்களுக்கு ஒரு சாக்லேட் கட்டியையும் கொடுக்கிறார். வில்ஸ் இதை எழுதாமல் விட்டிருந்தால் ஆல்மர் அன்று உச்சியில் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது. அவர் கூலி வாங்கிய ஆளே இல்லையே. எழுதப்படாமல் போன சுமைதூக்கிகள் எத்தனை பேரோ. இன்னொன்று: இதை வெட்டர்ஹார்னின் முதல் ஏற்றம் என்று பலர் எழுதுவது தவறு. ஹன்ஸ் யவுனும் மெல்கியோர் பான்ஹோல்சரும் 1844-லேயே ஏறிவிட்டார்கள்.

வாடிக்கையாளர்கள் சான்று எழுதிக் கொடுத்த ‘ஃபியூரர்புக்’ என்னும் வழிகாட்டிப் புத்தகத்தையும் முழு ஏற்றப் பட்டியலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆல்மருடையது அச்சிலேயே வந்திருக்கிறது. ஆனால் அதிலிருப்பது 1856 முதல் 1894 வரை. ஃபிர் மரக் கதையை அதில் தேடிப் பயனில்லை. தவிர, அடுத்த வாடிக்கையாளருக்குக் காட்டத்தான் அந்தப் புத்தகம். சண்டை போட்டுப் பிரிந்தவர் அதில் எழுதியிருப்பாரா என்ன?

யாரோடு யார் ஏறினார் என்பதிலிருந்து நட்பை ஊகிப்பதிலும் கவனம் வேண்டும். 1821-இல் தொடங்கிய சாமோனி வழிகாட்டிகள் சங்கத்தில் முறை வைத்துத்தான் ஆள் அனுப்பினார்கள். வந்தவரை ஏற்க வேண்டியதுதான் என்று ஆங்கிலேயர்கள் புலம்பினார்கள்.

ஒரே நிகழ்ச்சிக்குப் பல சாட்சியங்கள் இருந்தால், எது எப்போது சொல்லப்பட்டது என்று முதலில் தேதி போடுங்கள். மோன் பிளாங்கில் ஷாக் பால்மாவும் மருத்துவர் பக்காரும் சேர்ந்து ஏறினார்கள். பால்மா தன்னையே நாயகனாக்கி நாவலாசிரியர் டூமாவிடம் கதை சொன்னது 1832-இல், நாற்பத்தாறு வருடம் கழித்து. பக்கார் 1827-லேயே இறந்துவிட்டதால் மறுக்க ஆளில்லை. ஆனால் ஏறிய அன்றே கீழிருந்து தொலைநோக்கியில் பார்த்துக் குறித்துவைத்த கெர்ஸ்டோர்ஃப் என்பவரின் குறிப்புகள் இருக்கின்றன. மாட்டர்ஹார்னும் அப்படியே: 1865-இல் முதன்முதலாக ஏறிவிட்டு இறங்கும்போது கயிறு அறுந்து நான்கு பேர் இறந்தார்கள். உயிர் பிழைத்த ஆங்கிலேயர் விம்பர் தன் புத்தகத்தை வெளியிட்டது 1871-இல். அவரோடு பிழைத்த வழிகாட்டி, அப்பா பீட்டர் டவுக்வால்டர், விசாரணையில் சாட்சி சொன்னது 1865 ஜூலையில், விபத்து நடந்த அதே மாதம். கயிறு அறுந்த விஷயத்தில் அவர் குற்றமற்றவர் என்று அந்த விசாரணை விடுவித்தது. அவர் குடும்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தச் சாட்சியத்தைப் படித்த பிறகு விம்பரை எடுப்பது நல்லது.