கடலும் செம்மண்ணும்: ஆஸ்திரேலியாவில் கார் எடுப்பவர்களுக்கு

மெல்போர்னில் தொடங்கி கிரேட் ஓஷன் ரோடு, அடிலெய்டு, கூபர் பீடி வழியாக நாட்டின் நடுவிலுள்ள உளுரு என்ற பெரிய செம்பாறை வரை காரில் போகத் திட்டமா? கடற்கரைப் பகுதியில் கவலையே வேண்டாம், ஊருக்கு ஊர் பெட்ரோல் கிடைக்கும். அடிலெய்டுக்கு வடக்கே போர்ட் ஆகஸ்டா ஊரைத் தாண்டியதும் கதையே வேறு. அங்கிருந்து கூபர் பீடி சுமார் 540 கி.மீ.; வழியில் கடைகள் மிகக் குறைவு. பாதி டேங்க் இருந்தாலும் பங்க்கைப் பார்த்தால் நிரப்பிவிடுங்கள். தண்ணீர் கேன், டவுன்லோடு செய்த மேப் இரண்டும் கட்டாயம். பல இடங்களில் சிக்னல் இருக்காது.

பொழுது சாய்வதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். மங்கிய வெளிச்சத்தில் கங்காரு புதரிலிருந்து நேராக சக்கரத்துக்கு முன்னால் குதிக்கும். வாடகை கார் ஒப்பந்தத்தில் இரவு ஓட்டம், மண்சாலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முன்பே படித்துவிடுங்கள்.

கூபர் பீடியில் மண்ணுக்கடியில் குடைந்த அறையில் ஒரு ராத்திரியாவது தங்குங்கள். வெளியே கொளுத்தினாலும் உள்ளே இதமாக இருக்கும்.

உளுருவில் முகத்துக்கு ஈ வலை தேவைப்படும். 2019 அக்டோபர் முதல் பாறை மீது ஏறத் தடை; அந்தப் பகுதியின் பழங்குடியினரான அனங்கு மக்களுக்கு அது புனித இடம். அடிவாரத்தைச் சுற்றி நடக்க சுமார் 10 கி.மீ., விடியலில் கிளம்பினால் வெயிலுக்கு முன் முடித்துவிடலாம்.