ல, ள, ழ: நாக்குக்கு முன் காதைப் பழக்குங்கள்

பிள்ளைக்கு ழகரம் வரவில்லை என்றால் நாம் உடனே சொல்வது, "நாக்கை மடி". அதுவும் மடித்துப் பார்க்கும், வராது. ள, ழ இரண்டும் காதில் ஒரே ஒலியாக விழுந்தால், தான் சொன்னது சரியா தப்பா என்று அதற்கு எப்படித் தெரியும்?

இது காதுக் கோளாறு இல்லை. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 முதல் 8 மாதத்தில் இந்தியின் த, ட ஒலிகளைப் பிரித்துக் கேட்டன. 10 மாதம் தாண்டியதும் பெரும்பாலான குழந்தைகளால் முடியவில்லை. வீட்டில் புழங்காத வேறுபாட்டை மூளை கண்டுகொள்வதில்லை. பழக்கினால் மறுபடி கேட்கத் தொடங்கும்.

முதலில் சொல் ஜோடிகள். பல்லி–பள்ளி, வெல்லம்–வெள்ளம் போன்றவை சுலபம், அவற்றில் ஆரம்பியுங்கள். அப்புறம்தான் வளி–வழி, கிளி–கிழி, ஒளி–ஒழி, தளை–தழை.

அடுத்தது குரல்கள். முக்கியமான இடம் இதுதான். லோகன், லைவ்லி, பிசோனி மூவரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், ஜப்பானியர்களுக்கு ஆங்கில ர, ல ஒலிகளைப் பலருடைய குரலில், பல சொற்களில் கேட்கவைத்துப் பழக்கினார்கள். அவர்களுக்குப் புதுச் சொற்களிலும் வேறுபாடு பிடிபட்டது. ஒரே குரலைக் கேட்டால் அந்த ஆளின் குரல்தான் மனதில் நிற்கும். அதனால் தமிழாசிரியர், தேவாரம் பாடும் மாமா, பட்டர்வொர்த்தில் இருக்கும் அத்தை என்று நாலைந்து பேரிடம் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் வாங்குங்கள். வாளப்பளம் என்று சொல்பவரை இதற்கு மட்டும் விட்டுவிடுங்கள். அது பேச்சுவழக்கு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பயிற்சிக்கு உதவாது.

இனி சோதனை. குரல்களைக் கலைத்துப் போடுங்கள். பிள்ளை கேட்டு, எழுத்தை மட்டும் எழுதட்டும். விடையை அப்போதே சொல்லிவிடுங்கள். தப்பினால் அதே குரலைத் திரும்பப் போடுங்கள். பத்து நிமிடம் போதும், ஜார்ஜ்டவுனுக்குப் போகும் ஃபெரியிலேயே முடித்துவிடலாம். இந்தக் கட்டத்தில் "நீ சொல்லு பார்ப்போம்" என்று கேட்காதீர்கள். ஜப்பானியர்களை வைத்து 1997-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் தெரிந்தது இது: கேட்க மட்டுமே பழகியவர்களுக்கு உச்சரிப்பும் கொஞ்சம் தேறியிருந்தது.

பத்துக்கு எட்டு, ஒன்பது சரியாக வரத் தொடங்கியதும் நாக்குக்குப் போகலாம். ளகரத்தில் மேலே வளைந்த நாக்கு அண்ணத்தைத் தொடும், காற்று பக்கவாட்டில் போகும். ழகரத்திலும் நாக்கு வளையும், ஆனால் தொடாது. சரிபார்க்க ஒரு வழி: ள என்று இழுத்துச் சொல்லி, நாக்கை அசைக்காமல் மூச்சை வாயால் உள்ளே இழுங்கள். நாக்கின் ஓரங்கள் சில்லிடும். ழகரத்துக்கு அதையே செய்தால் குளிர்ச்சி நடுவில் ஓடும்.

கடைசியாக ஓடும் பேச்சு. மின்னல் எஃப்எம் செய்தியைப் போட்டு, ழ வரும்போதெல்லாம் தாளில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். செய்தி வேகத்தில் முதலில் நிறையத் தப்பும், பரவாயில்லை. நீங்களும் கூடவே கோடு போடுங்கள். எண்ணிக்கை ஒத்துவராத இடத்தில் யார் காது சரி என்று வீட்டில் ஒரு சண்டை வரும்.