பெட்டி எங்கே? ஜப்பானியக் கைவினைப் பொருள் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கியோட்டோவைச் சுற்றிப் பார்க்க வந்த நண்பர், தான் வாங்கிய பூச்சாடியைப் படமெடுத்து அனுப்பினார். பிஸென் ஜாடி, அதாவது பிஸென் என்ற ஊரின் மண்கலம். பளபளப்புப் பூச்சு எதுவும் கிடையாது. பைன் விறகை நாள்கணக்கில் எரித்துச் சுடுவது. செம்பழுப்பு உடம்பு, ஒரு தோளில் மட்டும் விறகுச் சாம்பல் உருகி எள்ளைத் தூவினாற்போலப் படிந்திருந்தது. நல்ல கண் இவருக்கு என்று நினைத்தேன். அப்புறம்தான் ஜாடிக்குப் பின்னால் ஹோட்டல் குப்பைக்கூடையைப் பார்த்தேன். அதில் ஒரு மரப்பெட்டி தலைகுப்புறக் கிடந்தது.

உடனே போன் செய்தேன். "அதுவா? சூட்கேஸில் இடமில்லை. ஜாடியைச் சட்டையில் சுற்றிவிட்டேன், உடையாது" என்றார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்.

கீழே போட்டால் உடையும் என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. நானே செய்து பட்டு, இப்போது மற்றவர்கள் செய்வதைப் பார்த்துப் பல்லைக் கடிக்கும் தவறுகள் மட்டும்.

பெட்டியைப் பேக்கிங் என்று நினைப்பது

கியோட்டோவில் தோஜி கோயிலில் மாதாமாதம் 21-ஆம் தேதி சந்தை கூடும். கோபோ-சான் என்பார்கள். பழைய துணி, கலம், இரும்புச் சாமான், ஊறுகாய் வரை எல்லாம் கிடைக்கும். என் முதல் பிஸென் ஜாடியை அங்கேதான் வாங்கினேன். விற்ற பெரியவர் அதை மஞ்சள் துணியில் சுற்றி, பெட்டிக்குள் இறக்கி, தட்டையான நாடாவை இரண்டு பக்கமும் குறுக்காக இழுத்து, நிதானமாக முடிச்சுப் போட்டார். எனக்கோ ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இவ்வளவு சடங்கு எதற்கு என்று மனதுக்குள் அலுத்துக்கொண்டேன். அடுத்த வாரமே வீடு மாற வேண்டியிருந்தது. ஜாடி என்னோடு வந்தது, பெட்டி பழைய வீட்டுக் குப்பையோடு போனது.

ஐந்து வருடம் கழித்து, பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் அந்த ஜாடியைக் காட்டினேன். விற்க இல்லை, யார் செய்தது என்று தெரிந்துகொள்ளத்தான். அவர் அதைத் தலைகீழாகத் திருப்பி அடியைத் தடவினார். ஈர மண்ணில் குச்சியால் இழுத்த மாதிரி ஒரு சின்னக் கோடு, பக்கத்தில் ஒரு புள்ளி. "இந்த மாதிரிக் குறி போடும் குயவர் குடும்பம் ஒன்றிரண்டு இல்லை, நிறைய இருக்கிறது" என்றார். பிறகு அந்தக் கேள்வி: "பெட்டி எங்கே?"

பெயர் இருந்தது பெட்டியில். செய்தவரே எழுதித் தரும் பெட்டியைத் தொமோபாக்கோ என்கிறார்கள். கூடவே இருக்கும் பெட்டி என்று பொருள் கொள்ளலாம். மூடியில் தூரிகையால் முதலில் எந்த ஊர்க் கலம், என்ன பொருள் என்று எழுதுவார்கள்: "பிஸென் ஹனாஇரே", அதாவது பிஸென் பூச்சாடி. பக்கத்திலோ மூடியின் உள்பக்கத்திலோ செய்தவர் பெயரும் அதன்கீழ் சிவப்பு முத்திரையும் இருக்கும். இந்த நாட்டில் அதுதான் பொருளின் பத்திரம். அது போனால் விலை சரிவது ஒரு பக்கம். வீட்டில் தினமும் பூ வைக்கும் ஜாடியைச் செய்த மனிதர் யார் என்று இனி எனக்குத் தெரியவே போவதில்லை. எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

பெட்டி கிரி என்ற மரத்தில் செய்வது. ஜப்பானிய மரங்களிலேயே மிக லேசானது, சூட்கேஸில் அதன் எடை தெரியக்கூடத் தெரியாது. ஈரக்காற்றில் லேசாக உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். உள்ளே சுற்றிவரும் மஞ்சள் துணிக்கு உகோன் துணி என்று பெயர். உகோன் என்றால் நம் மஞ்சளேதான். பூச்சி அண்டாது என்று அந்தக் காலத்தில் மஞ்சள் கிழங்கில் சாயமேற்றினார்கள். இப்போது வருவதில் பலவும் வெறும் மஞ்சள் நிறத் துணி. எப்படியிருந்தாலும் அதையும் எறியாதீர்கள். செய்தவரைப் பற்றிய சின்னத் தாள் ஒன்று மடித்து வைத்திருந்தால் அதையும்.

நாடாவை அவிழ்க்கும் முன் முடிச்சை மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் தூக்கும்போது அடியில் கை கொடுங்கள், நாடாவைப் பிடித்துத் தூக்க வேண்டாம். செலோடேப், விலை ஸ்டிக்கர், ஈரத்துணி மூன்றும் கிரி மரத்துக்கு ஆகாது. எழுத்து இருக்கும் மூடியை ஈரத்துணியால் துடைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேசினால் இன்றும் அவருக்கு முகம் சுருங்கும்.

சரி, எல்லாப் பெட்டிக்கும் இந்த மரியாதை தேவையா? இல்லை. அட்டைப் பெட்டியில் வரும் அன்றாடக் கிண்ணத்துக்கு யாரும் பத்திரம் எழுதுவதில்லை.

பெட்டி இருக்கிறதே என்று கண்ணை மூடி வாங்குவது

பெட்டியை இழந்த பிறகு நான் செய்த அடுத்த முட்டாள்தனம் இது. கையெழுத்தும் முத்திரையும் உள்ள பெட்டியைப் பார்த்ததும் உள்ளே இருப்பதைச் சரியாகப் பார்க்காமல் காசு கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து எழுத்துக்கூட்டிப் படித்தால் மூடியில் "மிஸுசாஷி" என்றிருக்கிறது. அது தேநீர்ச் சடங்குக்கான தண்ணீர்க் கலம். உள்ளே இருந்ததோ ஒரு ஒல்லிப் பூச்சாடி. வேறொன்றின் பெட்டிக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். இப்படிப் பொருத்திய பெட்டிக்கு அவசேபாக்கோ என்று தனிப்பெயரே உண்டு என்று பிறகுதான் தெரிந்தது.

பொருளை உள்ளே வைத்து மெல்ல அசைத்துப் பாருங்கள். அளவெடுத்துச் செய்த பெட்டியில் அது நாலா பக்கமும் ஆடாது.

ஈரத்தோடு உள்ளே வைப்பது

ஹாகி ஊர்க் கலம் மாதிரி மெத்தென்ற மண்கலங்கள் தண்ணீர் குடிக்கும். பூச்சில் இருக்கும் மயிரிழை விரிசல் வழியாகத் தேநீர் இறங்கி, வருடங்கள் போகப் போக நிறம் மாறும். அதற்காகவே வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் கழுவித் துடைத்த அன்றே பெட்டிக்குள் வைத்தால் பூஞ்சைதான் மிச்சம். வெளியே தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே காய்ந்திருக்காது. காற்றாட நாலைந்து நாள் வெளியே விடுங்கள். பிஸென் ஜாடிகளிலும் சில கசியும். புது ஜாடியை மர மேசையில் வைக்கும் முன், ஒரு தட்டில் வைத்து ஓர் இரவு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

செட்டில் ஆறு கேட்பது

ஜப்பானில் கிண்ணம், தட்டு செட் என்றால் வழக்கமாக ஐந்துதான் கிடைக்கும். ஒன்று தொலையவில்லை.

உருஷியை அரக்கு என்று நினைப்பது

நம் அரக்கு பூச்சியிலிருந்து வருவது. வஜிமா என்ற ஊரின் மரக் கிண்ணத்திலும் தட்டிலும் பூசியிருக்கும் உருஷி ஒரு மரத்தின் பால். ஈரக்காற்றில்தான் அது இறுகும், வெயிலில் நிறமும் பளபளப்பும் போகும். அதைக் கொண்டுபோய் ஏசி காற்று நேரே அடிக்கும் அலமாரியில் அலங்காரமாக வைப்பார்கள். உள்ளே இருக்கும் மரம் வறண்டு வெடித்த பிறகு "தரமில்லை" என்பார்கள்.

கொகேஷி பொம்மையை ஜன்னலோரம் வைப்பது

வண்ணம் தீட்டிய மரப் பொம்மை அது. ஒரே கோடையில் முகம் வெளுத்துவிடும்.

இரும்புக் கெண்டியைத் தேய்ப்பது

இவாத்தே பகுதியின் வார்ப்பிரும்புக் கெண்டியை அலமாரி அழகுக்கு வாங்குகிறவர்கள்தான் அதிகம். ஒரு நாள் உள்ளே எட்டிப் பார்த்தால் செந்நிறப் புள்ளிகள். உடனே இரும்பு நாரை எடுத்துவிடுவார்கள். தேய்த்தால் உள்தோல் உரிந்து துரு இன்னும் பரவும். கொதிக்க வைத்த தண்ணீர் தெளிவாக இருந்தால் அந்தப் புள்ளிகளை அப்படியே விட்டுவிடுங்கள். தண்ணீர் சிவந்து வந்தால் மட்டும், குடித்து முடித்த பச்சைத் தேயிலையைத் துணியில் முடிந்து உள்ளே போட்டுக் கொதிக்க விடுங்கள். தண்ணீர் மை மாதிரிக் கறுக்கும். பயப்படாதீர்கள், கறுத்தால்தான் சரி.