கொடைக்கானல் குளிரில் இட்லி மாவு பொங்கிய கதை

பெருமாள்மலைப் பக்கம் ஒரு தியான இல்லத்தில் போன ஜனவரி முழுக்க சமையலறைச் சேவை செய்தேன். காலை ஐந்து மணிக்கு அடுப்பு, ஏழு மணிக்கு நாற்பது பேருக்குச் சாப்பாடு, அதுவரை யாரும் பேசக்கூடாது. பேசாமல் காய் நறுக்குவது மூன்று நாளில் பழகிவிட்டது. மாவுதான் பழகவில்லை.

மதுரையில் ராத்திரி கரைத்து வைத்தால் விடிவதற்குள் பொங்கி வழியும். இங்கே காலையில் திறந்தால் அரைத்தபடியே கிடந்தது. முதல் நாள் இட்லி கல். எல்லாரும் மௌனமாகச் சாப்பிட்டார்கள். அது இன்னும் கஷ்டம்.

அவசரப்பட்டு, மறுநாள் பாத்திரத்தைத் தணல் மேலேயே வைத்தேன். அடிமாவு வெந்து களியாகிவிட்டது.

அப்புறம் பாத்திரம் கழுவ வரும் அக்கா சொன்னார்: "தம்பி, சூடு வேண்டாம், கதகதப்பு போதும்." மதியமே வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்தேன். உளுந்தோடு ஒரு கரண்டி வெந்தயம். கையால் நன்றாகக் கலக்கி, உப்பை மட்டும் காலைக்கு ஒதுக்கினேன். சாக்கும் கம்பளியும் சுற்றி, விறகடுப்புக்கு இரண்டடி தள்ளிச் சுவரோரம் வைத்தேன். பதினாறு மணி நேரம் ஆனது, ஆனால் பொங்கியது.

பருப்புக்கும் இதே பாடுதான். மலை உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். திறந்த அண்டாவில் துவரம்பருப்பு லேசில் மசியாது. ஊறவைத்துக் குக்கரில் போட்டேன், சரியாகிவிட்டது.